கன்ட்ரோலர்களை ஓடவிட்டுப் பார்த்த பத்தாண்டு

2012 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஹாட்-ஐஸ் என்னும் சிறு பயிலரங்கு ஒன்று நடந்தது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் அமீன் தூதூன்சியானும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களும் அங்கே ஒரு கட்டுரையை முன்வைத்தார்கள். நாக்ஸ் என்ற கன்ட்ரோலர் (நெட்வொர்க்கை ஒரே இடத்திலிருந்து ஆளும் மென்பொருள்) வினாடிக்குச் சுமார் 30,000 புதிய ஃப்ளோக்களைத்தான் கையாளும் என்ற கணக்கு அதற்குமுன் மூன்றாண்டுகளாகக் கட்டுரைக்குக் கட்டுரை மேற்கோளாக வந்துகொண்டிருந்தது. இவர்கள் அதே நாக்ஸைத் திருத்தி, 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் எட்டு கோர் கொண்ட ஒரு கணினியில் ஓட்டி, வினாடிக்கு 16 லட்சம் கோரிக்கைகளைச் சராசரியாக 2 மில்லிவினாடித் தாமதத்தில் முடித்துக் காட்டினார்கள். அதற்காக அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேலையைப் பல இழைகளாகப் பிரித்தார்கள். செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து எழுதாமல் கட்டுக்கட்டாகக் கையாண்டார்கள். பல கோர்களுக்குத் தோதாக நினைவகத்தை ஒதுக்கும் நூலகத்தைச் சேர்த்தார்கள். சர்வர் மென்பொருள் எழுதும் எவருக்கும் பழகிய உத்திகள்தாம் இவை. ஆக, ஒரு துறையே நம்பியிருந்த அந்த 30,000, வடிவமைப்பின் எல்லையைக் காட்டும் எண்ணாக இருந்ததே இல்லை. அந்த மென்பொருளை வேகப்படுத்த அதுவரை யாரும் மெனக்கெடவில்லை என்பதை மட்டுமே அது சொன்னது. இந்த நிகழ்விலிருந்து தொடங்கினால், எஸ்.டி.என். (மென்பொருளால் வரையறுக்கும் நெட்வொர்க்) கன்ட்ரோலர்களின் வேகத்தை ஒப்பிட்ட வரலாற்றை வேறு விதமாகப் படிக்க முடியும். அந்த ஒப்பீடுகள் பிறந்தது குறிப்பிட்ட ஓர் அச்சத்துக்குப் பதிலாக. அச்சம் தீர்ந்த பிறகும் அந்த அளவுகோல் கையிலேயே தங்கிவிட்டது. ஒரு நல்ல கன்ட்ரோலருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை அது பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பழைய நெட்வொர்க்கில் ஒவ்வொரு ரூட்டரும் ஒவ்வொரு சுவிட்சும் தன் முடிவைத் தானே எடுத்தது. அண்டைப் பெட்டிகளோடு பேசி, தனக்குக் கிடைத்த அரைகுறைச் செய்தியிலிருந்து வழியைத் தீர்மானித்தது. இந்த முடிவெடுக்கும் பகுதியைப் பெட்டிகளிலிருந்து பிரித்து ஒரே இடத்தில் மென்பொருளாக வைக்கலாம் என்ற எண்ணம் 2000-களின் நடுப்பகுதியில் பல ஆய்வுக்கூடங்களில் முளைத்தது. ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோவும் நிக் மெக்கியோனும் மற்றவர்களும் 2007-இல் வெளியிட்ட ஈத்தேன் அதை ஓடும் நெட்வொர்க்காகவே காட்டியது. சுமார் 300 கணினிகள் அதில் இணைந்திருந்தன. இரண்டு கணினிகளுக்கு இடையே புதிதாக ஓர் உரையாடல், அதாவது ஒரு ஃப்ளோ, தொடங்கும்போது அதன் முதல் பாக்கெட் நேராகக் கன்ட்ரோலருக்குப் போகும். இதை அனுமதிக்கலாமா, எந்த வழியில் விடலாம் என்று கன்ட்ரோலர் முடிவுசெய்து சுவிட்சுகளில் விதியை எழுதும். அடுத்து வரும் பாக்கெட்டுகள் அந்த விதிப்படியே போய்விடும். ஈத்தேனின் நோக்கம் பாதுகாப்பு. யார் யாரோடு பேசலாம் என்பதை ஒரே இடத்திலிருந்து ஆள நினைப்பவருக்கு, ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்தையும் பார்ப்பது அவசியம். 2008-இல் கன்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் ஓப்பன்ஃப்ளோ நெறிமுறையும் நாக்ஸும் வந்தபோது, ‘முதல் பாக்கெட் மேலே வரும்’ என்ற இந்த வழக்கம் பாதுகாப்பு என்ற காரணத்தை விட்டுவிட்டு, எஸ்.டி.என். என்றாலே இப்படித்தான் என்ற பொதுப் படிமமாகிவிட்டது. எவரும் கூடிப் பேசி எடுத்த முடிவாக அது தெரியவில்லை. முதல் எடுத்துக்காட்டு எப்படி இருந்ததோ, அப்படியே பின்னால் வந்தவர்களின் கற்பனையும் அமைந்துவிட்டது.

படிமம் அப்படி ஆனதும் எதிர்வாதம் தானாக எழுந்தது. ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரே மூளையைக் கேட்க வேண்டும் என்றால் அந்த மூளை மூச்சு முட்டாதா? இதை எழுப்பியவர்கள் கையில் எண்களும் இருந்தன. 1,500 சர்வர்கள் கொண்ட ஒரு தொகுதியில் வினாடிக்கு இடைநிலையாக 1 லட்சம் புதிய ஃப்ளோக்கள் பிறக்கின்றன என்று ஸ்ரீகாந்த் கந்துலா குழுவினரின் அளவீடு சொன்னது. 100 சுவிட்சுகள் உள்ள நெட்வொர்க்கில் மிக மோசமான நேரத்தில் அது 1 கோடியைத் தொடலாம் என்பதை தியோஃபிலஸ் பென்சன் குழுவினரின் தரவு காட்டியது. இவற்றுக்கு எதிரே நாக்ஸின் 30,000-ஐ வைத்தால் வழக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றும். கன்ட்ரோலரிடம் வரும் வேலையைக் குறைக்க முற்றிலும் புதிய கட்டமைப்புகள் முன்மொழியப்பட்டன. டைஃபேன், டெவோஃப்ளோ போன்றவை இந்தச் சூழலில் பிறந்தவை. அவற்றின் தகுதி வேறு விஷயம். ஆனால் அவற்றின் அவசரத்துக்கு ஒரு காரணம், வேகத்துக்காக என்றும் செதுக்கப்படாத ஒரு மென்பொருளின் அளவீடு. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 30,000 என்ற கணக்கு இடம்பெற்ற 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் கசாடோவும் ஒருவர். அதை 2012-இல் முறியடித்த கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. தன் பழைய எண்ணைத் தானே மறுக்கும் நேர்மை ஆராய்ச்சியில் மதிக்கத்தக்கது. ஒப்பீட்டு வரலாற்றின் நல்ல பக்கமும் அதுவே.

அளக்க ஒரு கருவி வேண்டும் அல்லவா? ராப் ஷெர்வுட்டும் கொக்-கியோங் யாப்பும் எழுதிய சிபெஞ்ச் அந்த இடத்தை நிரப்பியது. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு கணினிக்குள் பல போலி சுவிட்சுகளாக நடித்துக்கொண்டு கன்ட்ரோலரோடு இணைப்பு ஏற்படுத்தும். ‘எனக்குத் தெரியாத ஒரு பாக்கெட் வந்திருக்கிறது, என்ன செய்யட்டும்?’ என்ற செய்தியை அனுப்பும். வரும் பதில்களை எண்ணும். இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், ஒரு கேள்வி அனுப்பிப் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி போகும். இதிலிருந்து தாமதம் தெரியும். மற்றதில், இணைப்பு தாங்கும் மட்டும் கேள்விகளை அள்ளிக் கொட்டும். இதிலிருந்து வினாடிக்கு எத்தனை என்ற கொள்திறன் தெரியும். உண்மையான சுவிட்சுகள் வாங்க வேண்டாம். ஒரு மாணவர் தன் மேசையில் உட்கார்ந்து ஒரே மாலையில் ஐந்து கன்ட்ரோலர்களை ஓடவிட்டு ஒரு வரைபடம் போட்டுவிடலாம். கிடைத்த எண்ணோ ஒற்றை எண், யாருக்கும் புரியும், யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம். பந்தயம் தொடங்க வேறென்ன வேண்டும்? ரைஸ் பல்கலைக்கழகத்தின் மேஸ்ட்ரோ, ஸ்டான்ஃபோர்டில் டேவிட் எரிக்சன் எழுதிய பீக்கன், பீக்கனிலிருந்து கிளைத்து 2012-இல் பிக் சுவிட்ச் நிறுவனம் வெளியிட்ட ஃப்ளட்லைட், ஜப்பானில் என்.டி.டி. உருவாக்கிய ரியூ என்று போட்டியாளர்கள் பெருகினார்கள். ஏல் பல்கலைக்கழகத்தில் ஹாஸ்கெல் மொழியில் எழுதிய மெக்நெட்டில் 46 கோர்களில் வினாடிக்கு 1 கோடியே 40 லட்சம் ஃப்ளோக்களைத் தாண்டியது. 2013-இல் எரிக்சன் வெளியிட்ட கட்டுரையில், அமேசானிடம் வாடகைக்கு எடுத்த கணினியில் 12 கோர்களைக் கொண்டே பீக்கன் 1 கோடியே 28 லட்சத்தைத் தொட்டது. பென்சன் தரவு காட்டிய அந்த 1 கோடி என்ற பூதம் சில ஆண்டுகளிலேயே அடங்கிவிட்டது.

இந்த எண்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஒப்பீடு வழுக்கத் தொடங்குகிறது. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் கன்ட்ரோலர் மேல் ஓடிய பயன்பாடு, எந்தக் கணினி எந்த வாயிலில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளும் மிகச் சிறிய நிரல். அந்த வேலை அவ்வளவு சிறியது என்பதால், அளக்கப்பட்டது பெரும்பாலும் செய்தியைச் சாக்கெட்டிலிருந்து படித்து, பிரித்து, பதிலைத் திருப்பி எழுதும் திறமைதான். பதில்களைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் எழுதும் கன்ட்ரோலர், இயக்குதளத்தை அழைக்கும் செலவைக் குறைத்துக் கொள்திறனில் முந்திவிடும். ஆனால் சேர்த்துவைக்கும் நேரத்தில் முதலில் வந்த பதில் காத்திருக்கிறது. கொள்திறன் வரைபடத்தில் நிமிர்ந்து நின்றது தாமத வரைபடத்தில் குனிந்தால் அதில் முரண் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே முடிவின் இரு விளைவுகள். மொழியைப் பற்றிய தீர்ப்புகளும் அப்படித்தான். பைத்தானில் எழுதிய பாக்ஸும் ரியூவும் கோர்களைக் கூட்டினாலும் வேகம் கூடாமல் கடைசியில் நின்றன. அதைப் பார்த்து அவற்றைத் தள்ளியவர்கள், எத்தனை மாணவர்கள் எஸ்.டி.என். படித்ததே அந்த இரண்டின் வழியாக என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எரிக்சனே ஜாவாவைத் தேர்ந்ததற்கு வேகம் மட்டும் காரணமல்ல. சி++ நிரல் தொகுக்க எடுத்துக்கொள்ளும் நேரமும், நினைவகப் பிழைகளைத் தேடி அலைவதும் எழுதுபவரைச் சோர்வடையச் செய்கின்றன என்பது அவர் முன்வைத்த காரணங்களில் முக்கியமானது. பந்தயத்தில் முதலில் வந்த ஓட்டக்காரர் பந்தயத்துக்காக மட்டும் பயிற்சி எடுத்தவர் இல்லை என்பதை வரலாற்றில் குறித்துவைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அளக்கப்பட்ட இடமே வலிக்கும் இடமா என்பது. 2011-இல் ஹெச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் ஆண்ட்ரூ கர்ட்டிஸும் வெளியிட்ட டெவோஃப்ளோ கட்டுரையில் ஓர் அளவீடு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் புரோகர்வ் 5406 வகை சுவிட்ச் ஒன்று வினாடிக்குச் சுமார் 275 புதிய ஃப்ளோக்களை மட்டுமே அமைக்க முடிந்தது. கன்ட்ரோலருக்கும் அந்த சுவிட்சுக்கும் இடையே நடைமுறையில் கிடைத்த பாதை வினாடிக்கு 17 மெகாபிட்தான். பாக்கெட்டுகளை மின்னலாய்த் தள்ளிவிடும் சிலிக்கன் சில்லுக்கும், கன்ட்ரோலரோடு பேசும் சிறு செயலிக்கும் இடையிலான குறுகிய சந்து அதற்கு ஒரு காரணம். ஒருபக்கம் 275, மறுபக்கம் லட்சங்கள். இந்த இடைவெளி தெரிந்த பிறகும் கன்ட்ரோலரை இன்னும் இரண்டு மடங்கு வேகமாக்குவது யாருக்கு உதவும்? தொலைவும் அதேபோல் குறுக்கே நிற்கிறது. ஒளி, கண்ணாடி இழையில் ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறுகரையில் உள்ள சுவிட்சை ஆளும் கன்ட்ரோலர், தன் கணிப்பில் சில மைக்ரோவினாடிகளைச் சேமிப்பதால், பயணத்தில் போகும் பல பத்து மில்லிவினாடிகள் திரும்பி வரப்போவதில்லை. கன்ட்ரோலரை எங்கே வைப்பது என்ற கேள்வியை பிராண்டன் ஹெல்லர், ஷெர்வுட், மெக்கியோன் மூவரும் 2012-இல் தனி ஆராய்ச்சிப் பொருளாக்கியது இதனால்தான். சிபெஞ்ச் எழுதிய ஷெர்வுட்டின் பெயர் அதிலும் இருக்கிறது. கருவியைச் செய்தவர்களுக்கு அதன் எல்லை தெரிந்தே இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள்தான் மறந்தார்கள்.

இதற்குச் சொல்லக்கூடிய மறுப்பை நான் அறிவேன். சுவிட்சுகள் என்றும் 275-இலேயே நிற்கவில்லை; சர்வர்களுக்குள் ஓடும் ஓப்பன் வி-சுவிட்ச் போன்ற மென்பொருள் சுவிட்சுகள் அதைவிடப் பன்மடங்கு வேகமானவை; எனவே பந்தயம் வீண் என்பது சரியா? வீண் என்று நான் சொல்லவில்லை. 2009-இல் மையப்படுத்திய கட்டுப்பாடே நடக்காத காரியம் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்லாமல் இந்தத் துறை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. 16 லட்சமும் 1 கோடியே 28 லட்சமும் அந்தப் பதிலைத் தீர்க்கமாகச் சொல்லின. ஆனால் அதே காலத்தில் கசாடோவும் மெக்கியோனும் ஸ்காட் ஷென்கரும் தொடங்கிய நிசிரா நிறுவனம் என்ன விற்றது என்று பாருங்கள். 2012 ஜூலையில் வி.எம்.வேர் 126 கோடி டாலர் கொடுத்து வாங்க முன்வந்த நிறுவனம் அது. அதன் கன்ட்ரோலர்கள் முதல் பாக்கெட் மேலே வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேண்டிய விதிகளை முன்கூட்டியே கணக்கிட்டு, விளிம்பில் உள்ள மென்பொருள் சுவிட்சுகளுக்கு இறக்கிவைத்தன. ஈத்தேனைப் படைத்தவர்களே, வேகமான சுவிட்ச் கையில் இருந்தும், ஈத்தேனின் முதல் பாக்கெட் வழக்கத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள். சந்தையில் வென்ற வடிவத்துக்கு சிபெஞ்ச் கேட்ட கேள்வி பொருந்தவே இல்லை.

அளவுகோல் அகலமாகத் தொடங்கியதற்கு எனக்குத் தெரிந்த முதல் நல்ல எடுத்துக்காட்டு மாஸ்கோவிலிருந்து வந்தது. 2013-இல் அலெக்சாந்தர் ஷலிமோவும் அவர் குழுவினரும் நாக்ஸ், பாக்ஸ், பீக்கன், ஃப்ளட்லைட், மல், மேஸ்ட்ரோ, ரியூ ஆகிய ஏழையும் எச்.சி.ப்ரோப் என்ற தங்கள் சொந்தக் கருவியால் சோதித்தார்கள். கொள்திறன் முதலிடம் வழக்கம்போல் பீக்கனுக்கே போனது. ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. வினாடிக்கு 2,000 முதல் 18,000 வரை ஏறி இறங்கும் சுமையை 24 மணி நேரம் தொடர்ந்து கொடுத்தார்கள். கோடிகளைப் பேசிய காலத்தில் இது கால்தூசு அளவிலான சுமை. பெரும்பாலானவை தாங்கின. தாமதச் சோதனையில் மிகக் குறைந்த நேரம் காட்டியவற்றுள் ஒன்றான மல் சில நிமிடங்களிலேயே செய்திகளை நழுவவிடத் தொடங்கி, நாள் முடிவதற்குள் 66 கோடிக்கும் மேல் இழந்தது. மேஸ்ட்ரோ 46 கோடிக்கும் மேல் தவறவிட்டது. வடிவம் சிதைந்த செய்திகளைக் கொடுத்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்தார்கள். சில கன்ட்ரோலர்கள் அதற்கும் தடுமாறின. ஒரு நிமிட ஓட்டத்தில் சிறந்தது ஒரு நாள் வேலைக்குத் தகுதியற்றதாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் அளந்து காட்டவில்லை. ஷலிமோவ் குழுவினரின் கட்டுரையை மேற்கோள் காட்டும் பலர் பீக்கன் வென்ற வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 24 மணி நேர அட்டவணையை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அடுத்து வந்த தலைமுறையில் இந்தப் பிளவு இன்னும் விரிந்தது. லினக்ஸ் அறக்கட்டளை 2013-இல் அறிவித்த ஓப்பன்டேலைட் கன்ட்ரோலரின் முதல் வெளியீடான ஹைட்ரஜன் 2014 பிப்ரவரியில் வந்தது. அந்தக் காலத்தில் நடத்திய சிபெஞ்ச் சோதனைகளில் அது ஃப்ளட்லைட்டுக்கு வெகுதூரம் பின்னால் நின்றது. அதை வைத்து ஓப்பன்டேலைட் மோசம் என்று முடிவுகட்டினால் தவறாகும். நெட்வொர்க்கின் நிலை முழுவதையும் ஒரு தரவுக்கிடங்கில் வைத்து, பல கணினிகளுக்கு அதைப் பகிர்ந்து, ஒன்று விழுந்தாலும் மற்றது தொடர வேண்டும் என்பது பின்னாளில் அது போய்ச் சேர்ந்த வடிவம். ஒற்றைக் கணினியில் பதில் எண்ணும் கருவிக்கு இந்த உழைப்பு வெறும் தாமதமாகத்தான் தெரியும். 2014 டிசம்பரில் ஓனோஸ் என்ற கன்ட்ரோலரை வெளியிட்டவர்கள் அளவையே மாற்றிக்கொண்டார்கள். ஓர் இணைப்பு அறுந்த செய்தி எத்தனை மில்லிவினாடியில் கூட்டத்தில் உள்ள எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் எட்டுகிறது, கணினிகளைக் கூட்டக் கூட்ட வேகம் கூடுகிறதா என்பவை அவர்கள் கேட்ட கேள்விகள். கூகுளின் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பைப் பற்றி 2013-இல் வந்த கட்டுரை இதற்கு வேறொரு சாட்சி. அதில் விவரித்த பெரிய தடங்கலுக்குக் காரணம், பராமரிப்பின்போது இரண்டு சுவிட்சுகளுக்குக் கைத்தவறாக ஒரே அடையாள எண் கொடுத்ததுதான். அதிலிருந்து இணைப்புகள் விழுந்து எழுந்து, கட்டுப்பாட்டுச் செய்திகள் வரிசையில் தேங்கிப் பின்னிக்கொண்டன. அதே நிறுவனம் 2021-இல் ஓரியன் என்ற தன் கன்ட்ரோலரை விவரித்தபோது முன்னிறுத்திய சாதனைகளில், நெட்வொர்க் செயல்படாத நேரம் பி4-இல் 100 மடங்குவரை குறைந்தது என்பது முக்கியமானது.

அப்படியானால் வேகம் தேவையில்லையா என்று கேட்கலாம். தேவைதான், எந்த நேரத்தின் வேகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமைதியான ஒரு நாளில் விதிகள் முன்கூட்டியே இறங்கிவிட்ட நெட்வொர்க்கில் கன்ட்ரோலருக்கு அதிக வேலை இருக்காது. ஒரு முக்கிய இணைப்பு அறுந்த அந்த நொடியில் ஆயிரக்கணக்கான வழிகளை மீண்டும் கணக்கிட்டு, பல சுவிட்சுகளில் சரியான வரிசையில் எழுத வேண்டியிருக்கும். அந்த அலையைத் தாங்கக் கொள்திறன் வேண்டும். ஆனால் அந்த வேலையும் சிபெஞ்ச் கொட்டிய வேலையும் ஒன்றல்ல: சிபெஞ்சில் ஒவ்வொரு கேள்வியும் மற்றதோடு தொடர்பில்லாதது, இணைப்பு அறுந்த நேரத்தில் எல்லாக் கேள்விகளும் ஒரே வரைபடத்தின் மேல் நிற்கின்றன.

அளவுகோலை அகலமாக்கும் முயற்சியின் அடுத்த கட்டமாக, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் அளவீட்டுக் குழு, கன்ட்ரோலர்களை அளப்பது பற்றி 2018 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 8455, 8456 என்ற இரு ஆவணங்களை வெளியிட்டது. ஆசிரியர் பட்டியலில் முதலில் நிற்பது புவனேஸ்வரன் வேங்கைநாதன் என்ற தமிழ்ப் பெயர் என்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. வினாடிக்கு எத்தனை செய்தி என்ற பழைய சோதனை அந்த ஆவணங்களிலும் உண்டு, ஆனால் ஒரு நீண்ட பட்டியலில் ஒன்றாக. நெட்வொர்க்கின் வரைபடத்தைக் கண்டறிய ஆகும் நேரம், வரைபடம் மாறியதை உணர ஆகும் நேரம், கேட்ட பிறகு வழி அமைப்பதும் கேட்கும் முன்பே வழி அமைப்பதும் தனித்தனியாக, எத்தனை சுவிட்சுகளின் இணைப்பைத் தாங்கும், தவறான செய்திகளுக்கு நடுவே எப்படி நடந்துகொள்ளும், சேவை மறுப்புத் தாக்குதலில் என்ன ஆகும் என்று பட்டியல் நீள்கிறது. இத்தனையையும் ஓட்டிப் பார்க்க நாள்கணக்காகும், சுவிட்சுகளும் போக்குவரத்து இயற்றும் கருவிகளும் வேண்டும் என்பதால் இன்றும் பலர் ஒரு மாலையில் முடியும் சிபெஞ்சையே நாடுகிறார்கள். அந்த வசதியின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 8456-இல் உள்ள ஒரு சோதனையை எஸ்.டி.என். படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். நெட்வொர்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முகவரி மாற்றி மாற்றிப் பாக்கெட்டுகளை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஓட்டத்தின் நடுவே, ஆட்சியில் இருக்கும் கன்ட்ரோலரை நிறுத்திவிட வேண்டும். பிறகு மறுமுனையில் கடைசியாகச் சரியாக வந்து சேர்ந்த பாக்கெட்டுக்கும், மாற்றுக் கன்ட்ரோலர் பொறுப்பேற்ற பின் முதலில் வந்து சேரும் பாக்கெட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்று பார்க்க வேண்டும்.